வீட்டுக்கும் கடைக்கும் கண்ணாடி வாங்குவது: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள் சீமெந்து, கம்பி, ஓடு எல்லாவற்றையும் நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். கண்ணாடி என்று வந்தால் மட்டும் "அலுமினிய வேலைக்காரர் பார்த்துப் போடுவார்" என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் படம் கீறிக் கொடுத்து வேலையை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள் மோதக்கூடிய, தலையில் விழக்கூடிய இடங்களுக்கு நல்ல கண்ணாடி வாங்கக் காசைச் செலவழியுங்கள். வெயிலை நிழலால் தடுங்கள். அழகு அதற்குப் பிறகு வரட்டும்.

கடைக்குப் போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு தாளில் வீட்டின் ஒவ்வொரு யன்னலையும் கதவையும் வரிசையாக எழுதுங்கள். எந்தத் திசை, தரையிலிருந்து கண்ணாடி எத்தனை அடி உயரத்தில் தொடங்குகிறது, திறக்கிற யன்னலா அசையாததா, அந்த அறைக்கு ஏசி உண்டா, பக்கத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்களா. இதை எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் காட்டுவதில் எது உங்களுக்குத் தேவை என்று நீங்களே சொல்லிவிடலாம். வெறுங்கையோடு போனால் மாதிரித் துண்டுகளின் நிறம்தான் கண்ணில் படும்.

சாதாரணக் கண்ணாடி, டெம்பர், லமினேட் என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சிலிக்கா மணல், சோடா, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை உருக்கி, உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்குவார்கள். பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை இது. இன்று உலகத்தில் யன்னல் கண்ணாடி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

அப்படி வந்த கண்ணாடியை வேறொன்றும் செய்யாமல் வெட்டிப் பூட்டினால் அது சாதாரணக் கண்ணாடி. விலை குறைவு, எந்தக் கடையிலும் வெட்டித் தருவார்கள். உடைந்தால் கத்தி போல நீளமான துண்டுகள் வரும். ஆளைக் கொல்லக்கூடிய துண்டுகள் அவை.

அதே கண்ணாடியை 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, பலத்த காற்றை ஊதிச் சட்டென்று குளிரவைத்தால் டெம்பர். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது வெளிப்பக்கத்தை இறுக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தால்தான் அதே தடிப்புள்ள சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம் வருகிறது. உடைந்தால் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும். கீறும், ஆனால் பெரிய வெட்டுக்காயம் வருவது அரிது. ஒன்றை மறக்க வேண்டாம்: டெம்பர் ஆன பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. முயன்றால் முழுவதும் நொறுங்கும்.

லமினேட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டியது. பெரும்பாலும் அந்தத் தாள் பி.வி.பி. என்ற வகை, ஒரு தாள் 0.38 மில்லிமீற்றர். 6.38 என்று பில்லில் எழுதியிருந்தால் இரண்டு 3 மில்லிமீற்றர் கண்ணாடியும் ஒரு தாளும் என்று பொருள். உடைந்தாலும் துண்டுகள் தாளில் ஒட்டிக்கொண்டு சட்டத்திலேயே நிற்கும். வாகனங்களின் முன்கண்ணாடி இந்த வகைதான். போர்க்காலத்தில் செல் விழுந்த நாட்களில் யன்னல்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டியவர்களுக்கு, கண்ணாடி உடைவதைவிட அது அறைக்குள் பறப்பதே ஆபத்து என்று நன்றாகத் தெரியும். லமினேட் அந்தப் பறத்தலைத்தான் தடுக்கிறது.

எல்லா யன்னலுக்கும் டெம்பர் போட வசதியில்லை. எந்த இடங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது?

மிகவும் நல்ல கேள்வி. முழு வீட்டுக்கும் தேவையில்லை. பிரித்தானியக் கட்டட விதிகள் இதற்குத் தெளிவான அளவு வைத்திருக்கின்றன. நான் அதைத்தான் பின்பற்றுகிறேன்.

கதவில் கண்ணாடி இருந்தால், தரையிலிருந்து 1500 மில்லிமீற்றர் உயரம் வரை, அதாவது ஏறத்தாழ 5 அடி வரை, பாதுகாப்புக் கண்ணாடி (டெம்பர் அல்லது லமினேட்) வேண்டும். கதவுக்கு இரு பக்கமும் 300 மில்லிமீற்றருக்குள், ஒரு அடிக்குள், வரும் கண்ணாடிக்கும் அதே உயரம் வரை வேண்டும். வழுக்கி விழுகிறவர், கதவைத் தள்ளப் போய்த் தவறுகிறவர் கை வைப்பது அங்கேதான். யன்னலானால், தரையிலிருந்து 800 மில்லிமீற்றருக்குக் கீழே, கிட்டத்தட்ட இரண்டரை அடிக்குக் கீழே, கண்ணாடி இறங்கினால் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். இப்போது நம்முடைய புதுவீடுகளில் தரைவரை இறங்கும் பெரிய யன்னல்கள் வந்துவிட்டன. அவற்றில் சாதாரண 5 மில்லிமீற்றர் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். தவழ்கிற பிள்ளைக்கும், முச்சக்கர சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்கும் அது முகத்துக்கு நேரே இருக்கிறது.

இவற்றோடு குளியலறைத் தடுப்பு, படிக்கட்டுக் கைபிடி, பல்கனி, தலைக்கு மேல் வரும் எந்தக் கண்ணாடியும் சேரும். மற்ற யன்னல்கள் மூன்றடி உயரத்தில் தொடங்கி, உள்ளே இரும்புக் கம்பியும் இருந்தால், சாதாரணக் கண்ணாடியே போதும். மிச்சம் பிடிக்கும் காசை அங்கே பிடியுங்கள்.

தலைக்கு மேல் என்றால் டெம்பரா லமினேட்டா?

லமினேட். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. டெம்பர் சிறு துண்டாக உதிரும் என்பது உண்மை, ஆனால் மேலிருந்து விழும்போது துண்டுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கட்டியாக விழும். நாற்சார வீட்டின் நடுமுற்றத்தைக் கண்ணாடியால் மூட ஆசைப்படுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மூடுவதானால் லமினேட் போடுங்கள், தண்ணீர் ஓடச் சரிவு வையுங்கள், சூடான காற்று வெளியேறப் பக்கங்களில் இடைவெளி விடுங்கள். முற்றம் திறந்திருந்ததே வெக்கை மேலே போகத்தான். அதை அப்படியே அடைத்துவிட்டால் வீடு முழுவதும் புழுங்கும். வெளிச்சம் மட்டும்தான் தேவை என்றால், ஓட்டுக் கூரையில் இரண்டு மூன்று கண்ணாடி ஓடு போடுவது எவ்வளவோ மேல்.

பல்கனிக்கு?

டெம்பர் செய்த இரண்டு கண்ணாடியை லமினேட் செய்தது. தனி டெம்பர் உடைந்தால் ஒரு நொடியில் அங்கே தடுப்பே இருக்காது. மேலே ஓடும் கைபிடிக் குழாயையும் "கண்ணாடி அழகைக் கெடுக்கும்" என்று எடுத்துவிட வேண்டாம்.

கடைக்காரர் தருவது உண்மையான டெம்பர்தானா என்று எப்படித் தெரியும்?

மூலையில் அழியாத முத்திரை இருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமானால் ஈ.என். 12150 என்றும், இந்தியத் தரமானால் ஐ.எஸ். 2553 என்றும் இருக்கும். நகத்தால் சுரண்டினால் போகிற ஸ்டிக்கர் முத்திரை அல்ல. முத்திரை தெரியாவிட்டால், போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு காலையிலோ மாலையிலோ சரிவாகப் பாருங்கள். டெம்பர் கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். காற்று ஊதிக் குளிர்த்திய தடம் அது. சாதாரணக் கண்ணாடியில் அப்படி ஒன்றும் தெரியாது.

இன்னொரு அடையாளம்: "டெம்பர்தான், அளவு கொஞ்சம் கூடிவிட்டது, இங்கேயே வெட்டித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது டெம்பர் இல்லை.

யாரும் தொடாமலே டெம்பர் கண்ணாடி வெடித்தது என்று சொல்கிறார்களே?

நடக்கும், அரிதாக. கண்ணாடிக்குள் நிக்கல் சல்பைடு என்ற மிகச் சிறிய துகள் அகப்பட்டிருந்தால், அது மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் மெல்லப் பெருத்து ஒரு நாள் உடைத்துவிடும். பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடியை முன்கூட்டியே ஏறத்தாழ 260 முதல் 290 பாகை வரையான சூட்டில் வைத்துச் சோதிப்பார்கள். உடைய வேண்டியவை அங்கேயே உடைந்துவிடும். மூன்று நாலு மாடிக் கடை கட்டுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கேட்கலாம்.

ஆனால் வீடுகளில் நான் பார்க்கும் உடைவுகளுக்குக் காரணம் வேறு. டெம்பரின் முகம் பலமானது, விளிம்பும் மூலையும் பலவீனமானவை. திருகாணி நேராகக் கண்ணாடியில் முட்டுவது, ரப்பர் இல்லாமல் இரும்பில் உட்காருவது, பூட்டும்போது மூலையைத் தரை ஓட்டில் ஊன்றுவது, இவைதான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு ஒரு நாள் போய்விடும்.

மேற்குப் பக்க அறை பின்னேரத்தில் அடுப்பாகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் சரியாகுமா?

கொஞ்சம் குறையும், நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. 6 மில்லிமீற்றர் தெளிந்த கண்ணாடி, மேலே விழும் சூரிய வெப்பத்தில் ஏறத்தாழ 80 வீதத்தை உள்ளே விடும். பிரவுன், சாம்பல் நிறக் கண்ணாடிகள் ஏறத்தாழ 60 வீதத்தை விடும். வெளிச்சத்தைக் குறைத்து அறையை இருட்டாக்குகிற அளவுக்கு வெப்பத்தைக் குறைப்பதில்லை. அதோடு நிறக் கண்ணாடி வெப்பத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளேதான் வரும். பின்னேரம் நாலு மணிக்கு அதன் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், பிறகு ஓகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்பதால், "வடக்குப் பக்கம் வெயில் படாது" என்ற பேச்சு இங்கே செல்லாது. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் வருவது உயரத்திலிருந்து விழும் வெயில். யன்னலுக்கு மேல் இரண்டடி கொங்கிறீற் தட்டு வைத்தால், ஜூன் நண்பகலில் வடக்கு யன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். மேற்கு அப்படியில்லை. சித்திரையில் பின்னேரம் நாலு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதே இரண்டடித் தட்டு அப்போது யன்னலின் மேற்பக்கம் ஒன்றேகால் அடிக்கு மட்டும் நிழல் தரும். மிச்சம் எல்லாம் வெயில்.

ஆகவே மேற்குக்கு என் ஒழுங்கு இது. முதலில் விறாந்தை, நம்முடைய பழைய வீடுகள் ஆழமான விறாந்தையோடு கட்டப்பட்டது வெறும் அழகுக்காக அல்ல. இடமில்லையென்றால் வேம்போ மாவோ, அது வளரும்வரை கிடுகுத் தட்டியோ மூங்கில் தட்டியோ, கண்ணாடிக்கு வெளியே. உள்ளே போடும் திரைச்சீலை, வெப்பம் உள்ளே வந்த பிறகு பிடிப்பது. அதற்கும் மேலே, புதுவீடு என்றால் மேற்கு யன்னலைச் சிறிதாக்குங்கள். இதெல்லாம் முடியாத கடை, அலுவலகம் என்றால் மட்டும் வெப்பத்தைத் திருப்பும் பூச்சுள்ள கண்ணாடிக்குப் போங்கள். வாங்கும்போது நிறத்தைக் கேட்காமல், சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே விடும் என்ற எண்ணைக் கேளுங்கள். தெளிந்த கண்ணாடிக்கு அது 0.8 அளவில் இருக்கும். 0.4க்குக் கீழே என்றால் காசுக்குப் பலன் உண்டு. எண் தெரியாத கடையில் அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.

நிறக் கண்ணாடியில் இன்னொரு சிக்கல். பாதி நிழலும் பாதி வெயிலுமாக நின்றால் சூடான பகுதி விரியும், நிழலில் உள்ள விளிம்பு விரியாது. அந்த இழுபறியில் சாதாரணக் கண்ணாடி விளிம்பிலிருந்து வெடிக்கும். வெயில் படும் பெரிய நிறக் கண்ணாடியில் தடித்த ஸ்டிக்கர் ஒட்டுவது, தடித்த சீலையை ஒட்டித் தொங்கவிடுவது இரண்டும் இதைக் கூட்டும். அங்கே டெம்பர் போடுங்கள்.

அண்ணா கனடாவில் இருக்கிறார். இரட்டைக் கண்ணாடிதான் போடச் சொல்லிக் காசும் அனுப்புகிறார். போடவா?

இரட்டைக் கண்ணாடி என்பது நடுவே இடைவெளி விட்டு, விளிம்பை மட்டும் அடைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி. அண்ணா சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே வெளியே கழித்தல் 20, உள்ளே 20 பாகை, வித்தியாசம் 40. இங்கே ஏசி அறை 25, வெளியே 33, வித்தியாசம் 8. கண்ணாடியூடாகக் கடத்தப்படும் வெப்பம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அங்கே இரட்டைக் கண்ணாடி மிச்சம் பிடிப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் இங்கே. நமக்கு எதிரி நேர் வெயில். தெளிந்த இரட்டைக் கண்ணாடி அதைப் பெரிதாகத் தடுக்காது. அதைவிட, நாம் காற்றுக்காக யன்னலைத் திறந்து வைக்கிற ஆட்கள். திறந்த யன்னலில் ஒற்றையானால் என்ன, இரட்டையானால் என்ன?

பகல் முழுவதும் ஏசி ஓடும் அலுவலகம், ஹோட்டல் அறை, நோயாளர் விடுதி என்றால் கணக்கு வேறு. அங்கே வெப்பம் திருப்பும் பூச்சோடு இரட்டைக் கண்ணாடி பொருந்தும். விளிம்பு ஒட்டு நல்லதா என்று பாருங்கள். ஈரம் உள்ளே புகுந்தால் நடுவில் பனி படியும், துடைக்க வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டும். அண்ணாவிடம் இதைச் சொல்லி, அந்தக் காசில் விறாந்தையை இரண்டடி அகலமாக்கக் கேளுங்கள்.

தடிப்பு எவ்வளவு?

கம்பியுள்ள, 12 சதுர அடிக்கு உட்பட்ட வழக்கமான கீழ்மாடி யன்னலுக்கு 5 மில்லிமீற்றர் போதும். அதைவிடப் பெரிதென்றால் 6. சட்டமில்லாத கடைக்கதவு 12, குளியலறைத் தடுப்பு 8 அல்லது 10. மேல்மாடி, வெளியான கடற்கரை, பெரிய முகப்பு என்றால் பொறியியலாளர் காற்றுவிசை கணக்கிட்டுச் சொல்லட்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வடக்கைக் கடந்தது நினைவிருக்கும். காற்று நம் பக்கத்தை மறப்பதில்லை.

டெம்பர் பலமானது என்பதற்காகத் தடிப்பைக் குறைக்க வேண்டாம். டெம்பர் செய்தால் உடைவது குறையும், வளைவது குறையாது. மெல்லிய பெரிய கண்ணாடி காற்றில் அதிரும்.

பாரத்தை நீங்களே கணக்கிடலாம். ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு, 2.5 கிலோ. 7 அடிக்கு 3 அடி, 12 மில்லிமீற்றர் கதவு 58 கிலோவுக்கு மேல். அந்தப் பாரத்தை மலிவான பிணைச்சல் எத்தனை நாள் தாங்கும்?

தடிப்பை அளக்க வேணியர் இடுக்கி கொண்டுபோங்கள். 5 என்று விற்பது 4.8 முதல் 5.2 வரை இருக்கலாம், அது தரத்துக்குள் வருவது. 4.5 வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். தனியாக ஏதும் பார்க்க வேண்டுமா?

கண்ணாடிக்கு உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. அதைப் பிடித்திருப்பவைதான் போகும். பருத்தித்துறை, காங்கேசன்துறை, காரைநகர், தீவுப்பகுதிகள் என்றால் பிணைச்சல், கைபிடி, திருகாணி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள். 304 தரத்தில் தேநீர்க் கறை போல் மண்ணிறம் படியும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, பில்லில் எழுதி வாங்குவதே வழி. அலுமினியச் சட்டத்தில் நாகப்பூச்சுத் திருகாணி போடவே விடாதீர்கள். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால் இரண்டு மடங்கு காலம் நிற்கும் என்பது என் அனுபவம்.

குளியலறைக் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது, தேய்த்தாலும் போவதில்லை.

நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருவது. குடாநாட்டின் அடித்தளமே அதுதான். துளி காய்ந்தால் தண்ணீர் போய்ச் சுண்ணாம்பு நிற்கும். குளித்து முடிந்ததும் ரப்பர் வைப்பரால் ஒருமுறை இழுத்துவிடுவது ஒன்றுதான் நல்ல வழி. படிந்தது புதிதென்றால் வினாகிரியில் பாதி தண்ணீர் கலந்து துணியால் கால் மணித்தியாலம் ஒற்றி வைத்துக் கழுவலாம். தரை ஓடு கழுவும் அசிட் வேண்டாம். அது அலுமினியத்தையும் பிணைச்சலையும் தின்னும்.

கறை ஒட்டாத பூச்சு உள்ள கண்ணாடிகள் வருகின்றன. துடைக்கும் வேலையைக் குறைக்கும், இல்லாமலாக்காது. நம் தண்ணீருக்கு நான் சொல்வது, முழுச் சுவர்க் கண்ணாடி போடாமல், தண்ணீர் தெறிக்கும் மூன்றடிக்கு மட்டும் போடுங்கள் என்பதே.

மாரி மழையில் சிலைடிங் யன்னலுக்குள்ளால் தண்ணீர் வருகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழை வடக்கு, கிழக்குச் சுவர்களில் அடிக்கும். சிலைடிங் யன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். வெளியேறுவதற்கு வெளிப்பக்கம் சிறு துளைகள் இருக்க வேண்டும். பல வீடுகளில் துளையே போடப்படவில்லை, அல்லது மேசன் பூச்சோடு அடைத்திருப்பார், அல்லது "ஒழுகுகிறது" என்று யாரோ சிலிக்கனால் மூடியிருப்பார். முதலில் அதைப் பாருங்கள். பெரும்பாலும் புதுக் கண்ணாடி தேவைப்படாது. புதிதாகப் போடுவதானால் வாடைப் பக்கத்துக்குச் சிலைடிங் வேண்டாம், வெளியே திறக்கிற யன்னல் நன்றாக இறுகும்.

கடை முகப்புக்கு என்ன போடலாம்?

முதல் தேவை, அங்கே கண்ணாடி இருக்கிறது என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும். பளிங்கு போல் துடைத்த கதவில் முகம் மோதி மூக்கு உடைந்தவர்கள் உண்டு. ஒரு பட்டையோ கடைப் பெயரோ இரண்டு உயரத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடியிலும் ஐந்தடியிலும், ஒட்டுங்கள். பிள்ளைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று.

கஸ்தூரியார் வீதி நகைக்கடை போல, பொருளின் நிறம் மாறாமல் தெரிய வேண்டுமென்றால் இரும்பு குறைந்த மிகத் தெளிந்த கண்ணாடி உண்டு. சாதாரணக் கண்ணாடியின் விளிம்பில் தெரியும் பச்சை, மணலில் உள்ள இரும்பால் வருவது. தடித்த கண்ணாடியில் அந்தப் பச்சை வைரத்தையும் வெள்ளைச் சேலையையும் மங்கலாக்கும். திருட்டுப் பயம் உள்ள இடத்தில் லமினேட். டெம்பரை ஒரு கூரான அடியில் உதிர்த்துவிடலாம், லமினேட்டைத் துளைக்க நேரமும் சத்தமும் வேண்டும். சேலைக்கடைக்கும் லமினேட் நல்லது. அந்தத் தாள் புறஊதாக் கதிரில் 99 வீதத்தைத் தடுக்கும். ஆனாலும் சாயம் வெளுப்பதற்கு வெளிச்சமும் வெப்பமும்கூடக் காரணம், ஆகவே பட்டுச் சேலையை மேற்கு முகப்பில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம்.

கண்ணாடிக் கதவின் கீழே தரைக்குள் புதைக்கும் ஸ்பிரிங் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். வீதியைவிடக் கடைத்தரை தாழ்ந்திருந்தால் மாரியில் அதற்குள் தண்ணீர் நிரம்பி இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். தரையை உயர்த்துங்கள், அல்லது மேலே பூட்டும் வகையை வாங்குங்கள்.

சுவாமி அறைக் கதவு, குசினிச் சுவர்?

சுவாமி அறைக் கதவில் உருவம் பொறிப்பதானால் பொறித்த பிறகுதான் டெம்பருக்கு அனுப்ப வேண்டும். விளக்குக்கு அருகில் சாதாரணக் கண்ணாடி வேண்டாம். ஒரே கண்ணாடியில் 40 பாகை அளவு வெப்ப வித்தியாசம் வந்தாலே அது வெடிக்கலாம், டெம்பர் ஏறத்தாழ 200 வரை தாங்கும். காஸ் அடுப்புக்குப் பின்னால் வரும் நிறம் பூசிய கண்ணாடிக்கும் இதே காரணம். மின்செருகித் துளைகளை முன்கூட்டியே அளந்து கொடுங்கள்.

ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி போட்டால் வெளியிலிருந்து பார்க்க முடியாதுதானே?

பகலில். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் வீதியில் போகிறவருக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்கு வெளியே தெரியாது. திரைச்சீலையும் வேண்டும்.

விலை கேட்கும்போது என்னென்ன எழுதி வாங்க வேண்டும்?

விலை சதுர அடிக்குச் சொல்வார்கள். கண்ணாடி இறக்குமதிப் பொருள் என்பதால் டொலரோடு ஏறி இறங்கும்; விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று முதலில் கேளுங்கள். பிறகு வகை, தடிப்பு, தயாரித்த நிறுவனம், விளிம்பு தேய்ப்பு, துளைகளின் எண்ணிக்கை, ரப்பரா சிலிக்கனா, பூட்டுக்கூலி. சில இடங்களில் அளவை மேலே ஏற்றிக் கணக்கிடுவார்கள். 2 அடி 1 அங்குலம் 2 அடி 3 அங்குலமாகலாம். அதையும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பது. டெம்பர் கொழும்புப் பக்கம் செய்து ஏ9 வழியே லொறியில் வருவதானால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உடைந்தால் மறுபடி செய்து வர வாரக்கணக்கில் ஆகும். குடிபூரலுக்கு நாள் குறித்துவிட்டு அவசரப்படாதீர்கள். வீடு நல்லூர்ப் பக்கம் என்றால், திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும், லொறி வராது.

அளவெடுப்பதும் பூட்டுவதும்?

பூச்சும் தரை ஓடும் முடிந்த பிறகே அளவெடுக்க வேண்டும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில். உயரத்தையும் மூன்று இடத்தில். மூலைக்கு மூலை இரண்டும். சிறிய அளவுக்குத்தான் கண்ணாடி. டெம்பர் என்றால் பூட்டுகிறவரே அளவெடுத்துக் கையொப்பமிடட்டும். நீங்கள் அளந்து கொடுத்தால் தவறுக்கு நீங்களே பொறுப்பாவீர்கள்.

பூட்டும்போது கீழே ரப்பர்த் துண்டில் கண்ணாடி உட்கார வேண்டும், சுற்றிவர விரிவதற்கு இடைவெளி வேண்டும். ஓடாவி மரச்சட்டத்தில் இறுக்கி அடித்தால், மாரியில் மரம் ஊதும்போது கண்ணாடிதான் போகும். சிலிக்கனில் வினாகிரி மணம் வந்தால் அது அசிட் வகை. சாதாரணக் கண்ணாடிக்குப் பரவாயில்லை. லமினேட் விளிம்பு, இரட்டைக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பக்கம் ஆகியவற்றைக் கெடுக்கும். அவற்றுக்கு நியூட்ரல் சிலிக்கன்.

கண்ணாடி வந்துவிட்டது, வேலை முடியவில்லை. எங்கே வைப்பது?

படுக்க வைக்க வேண்டாம். பலகையில் நிறுத்தி, சுவரில் லேசாகச் சாய்த்து, மழையும் ஈரமும் படாத அறையில், இடையிடையே கடதாசி வைத்து. ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து வாரக்கணக்கில் நின்றால் வானவில் நிறத்தில் மங்கல் விழும், அது கழுவினால் போகாது. பூட்டிய கண்ணாடியில் சீமெந்துத் தண்ணீர் வடிந்தாலும் அப்படித்தான். காயுமுன் கழுவுங்கள், காய்ந்ததைப் பிளேட்டால் சுரண்ட வேண்டாம்.

உடைந்த கண்ணாடியை என்ன செய்வது?

தடித்த கையுறை போட்டு, பழைய கடதாசிப் பெட்டிக்குள் போட்டு ஒட்டி, "கண்ணாடி" என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருகிறவரின் கையில் சொல்லிக் கொடுங்கள். யன்னல் கண்ணாடியைப் போத்தலோடு கலக்க வேண்டாம். பனங்காணிக்குள்ளோ ஒழுங்கை ஓரத்திலோ கொட்டவே கூடாது. வெறுங்காலோடு நடக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.